மூட்டுவாதமும் இரண்டு சங்கங்களும்



மூட்டுவாதம் உயிரை உடனே பறிக்கும் நோயன்று. அதனாலேயே உலகம் அதனை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. வயதானால் மூட்டு வலிக்கத்தான் செய்யும் என்று கூறிவிடுவது எங்கும் வழக்கம். ஆயினும் முடக்குவாதம் என்னும் அதன் கொடிய வகை இளையோரையும் விடுவதில்லை. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. சட்டைப் பொத்தானை மாட்டவும் விரல்கள் வணங்காமற் போகின்றன.

இந்நோயின் ஆராய்ச்சிக்குப் பொதுமக்களிடம் பொருள் திரட்டுவதற்கென்றே 1936-இல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் தோன்றிற்று. டாக்டர் கோப்மன் அதற்காக முன்னின்று உழைத்தார். எம்பயர் ருமாட்டிசம் கவுன்சில் என்பது அதன் பெயர். கார்ட்டிசோன் என்னும் மருந்தை அனைவரும் அற்புதம் என்று புகழ்ந்துகொண்டிருந்த காலத்தில், இச்சங்கம் அதனைச் சாதாரண ஆஸ்பிரினோடு வைத்துப் பல மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டுக்கும் பெரிய வேற்றுமை தென்படவில்லை என்று 1955-இல் அறிவித்தது. மருந்து விற்பவர் இத்தகைய சோதனைக்கு விரும்பிச் செலவிடுவாரா?

பிற்காலத்தில் பெயர் பலமுறை மாறினும் பணி மாறவில்லை. அப்போது இலண்டனில் இருந்த கென்னடி ஆராய்ச்சி நிலையத்தை இச்சங்கம் பல்லாண்டுகள் தாங்கி வந்தது. அங்கேதான் மார்க் ஃபெல்ட்மனும், 1937-இல் பஞ்சாபின் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும், டி.என்.எஃப். என்னும் ஒரு புரதமே மூட்டின் அழற்சியைத் தூண்டி வளர்க்கிறது என்று கண்டனர். அதனைத் தடுக்கும் மருந்தை 1992-இல், வேறெந்த மருந்துக்கும் கட்டுப்படாத நோயாளிகளுக்குச் செலுத்தினர். வலியும் வீக்கமும் விரைவில் தணிந்தன. 2003-இல் இருவருக்கும் லாஸ்கர் பரிசு கிடைத்தது. எங்கோ ஒருவர் உயிலில் எழுதி வைத்த சிறுதொகையும் இதில் கலந்திருக்கக்கூடும்.

ஆனால் நாளை மருந்து வரும் என்பது இன்று படியேற இயலாதவருக்குப் போதிய ஆறுதலாகுமா? முதுகெலும்பு இறுகும் மூட்டுநோயால் வருந்திய ஆர்தர் பொவென் என்னும் இளைஞர், 1947-இல் நோயாளிகளுக்கென்றே வேறொரு சங்கத்தைத் தொடங்கினார். ஆர்த்ரைட்டிஸ் கேர் என்று அது பின்னர் பெயர் பெற்றது. தொலைபேசியில் யோசனை கூறுவதும், ஒத்த துன்பமுடையோரை ஒன்றுகூட்டுவதும் அதன் பணிகள். ஒன்று ஆய்வுக்கூடத்தையும் மற்றொன்று நோயாளியின் வீட்டையும் நோக்கியவாறு எழுபது ஆண்டுகள் தனித்தனியே நடந்தன. இவ்வளவு காலம் பிரிந்திருந்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. 2017-இல் இரண்டும் இணைந்தன. மறு ஆண்டு வெர்சஸ் ஆர்த்ரைட்டிஸ் என்னும் பெயரைப் பூண்டன.

இப்போது எந்த ஆராய்ச்சிக்குப் பணம் தருவது என்று ஆலோசிக்கையில் நோயாளிகளும் உடன் அமர்கின்றனர். இதை வெறும் உபசாரம் என்று எண்ண வேண்டாம். 2002-இல் ஆஸ்திரேலியாவில் கூடிய வல்லுநர் மாநாடு ஒன்றுக்கு முதன்முறையாக நோயாளிகளையும் அழைத்தனர். மருத்துவர்கள் அதுவரை வீக்கத்தையும் வலியையுமே முதன்மையாக அளந்து வந்தனர். வந்தவர்களோ, எங்களை வாட்டுவது அயர்ச்சி என்றனர். முடக்குவாத மருந்துகளைச் சோதிக்கையில் அயர்ச்சியையும் அளக்க வேண்டும் என்று அதே மாநாட்டினர் 2007-இல் பரிந்துரைத்தனர்.