மின் நிலையமும் கானாப் பாட்டும்



ஜெர்மனி நாட்டில் 'கிராஃப்ட்வெர்க்' என்னும் பெயருடைய ஓர் இசைக்குழு உண்டு. அச்சொல்லுக்கு 'மின் நிலையம்' என்பது பொருள். வடசென்னையில் பிறந்து வளர்ந்த எனக்கு இப்பெயரை முதன்முதல் கேட்டபோது நகைப்பே உண்டாயிற்று. நாங்கள் அறிந்த மின் நிலையம் எண்ணூரில் இருந்தது. 1970-இல் இயங்கத் தொடங்கிய அந்த அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பெற்றது. அதன் இரைச்சலை நாங்கள் அறிவோம். கொடியில் உலர்த்திய வேட்டியின்மேல் படிந்த அதன் சாம்பலையும் அறிவோம். அது பாடும் என்று மட்டும் ஒருபோதும் எண்ணியதில்லை.

1980-களின் தொடக்கத்தில், நான் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த காலத்தில், துறைமுகத்திற்கு எதிரே உள்ள பர்மா பஜாரில் பழைய ஒலிநாடா ஒன்றை வாங்கினேன். அதன் உறையில் சிவப்புச் சட்டையும் கறுப்புக் கழுத்துப்பட்டையும் அணிந்த நால்வர் படிக்கட்டில் வரிசையாக நின்றனர். அந்நால்வரே கிராஃப்ட்வெர்க் குழுவினர் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். என் தந்தையார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். நாடா ஓடும்போது சற்று நேரம் செவி சாய்த்துவிட்டு, "இன்னாடா இது, கிரேன் சத்தம் மாதிரி கீது?" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. அக்குழுவினர் விரும்பியதும் ஏறக்குறைய அதுவே.

இயந்திரம் பாட்டிற்குள் புகுந்துவிட்டால் மேடையில் மனிதனுக்கு என்ன இடம்? இதுவே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட கேள்வி. இதற்கு டூசல்டார்ஃப் நகரம் ஒரு விடை தந்தது. எங்கள் இராயபுரம் வேறொரு விடை தந்தது.

முதலில் அக்கருவியைப் பற்றிச் சில சொற்கள். வீணையில் தந்தி அதிர்கிறது. குழலில் காற்று அதிர்கிறது. மத்தளத்தில் தோல் அதிர்கிறது. சிந்தசைசர் என்னும் கருவியிலோ அவ்வாறு அதிரும் பொருள் எதுவும் இல்லை. அதனுள் இருக்கும் மின்சுற்று, ஒரு நொடிக்கு இத்தனை முறை என்னும் கணக்கில் மின்னோட்டத்தை ஏறி இறங்கச் செய்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் வேண்டாத பகுதிகளை இன்னொரு சுற்று வடிகட்டிவிடுகிறது. எஞ்சியதை ஒலிபெருக்கி காற்றில் சேர்க்கிறது. அமெரிக்கரான இராபர்ட் மூக் என்பார் 1960-களில் இத்தகைய கருவிகளைச் செய்து புகழ் பெற்றார். அவருடைய நிறுவனம் 1970-இல் வெளியிட்ட 'மினிமூக்' என்னும் சிறிய கருவி, தூக்கிச் செல்லத்தக்க அளவில் இருந்தமையால் மேடைக்கும் எளிதில் வந்தது.

அதே 1970-ஆம் ஆண்டில் இரால்ஃப் ஹுட்டர், ஃபுளோரியன் ஷ்னைடர் என்னும் இரு இளைஞர்கள் டூசல்டார்ஃபில் கிராஃப்ட்வெர்க் குழுவைத் தொடங்கினார்கள். அந்நகரம் ரூர் என்னும் பெருந்தொழிற் பகுதியை அடுத்துள்ளது. எங்கும் உருக்கு ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்திருந்த பகுதி அது. தொடக்கத்தில் அவர்கள் வாசித்தது நாம் அறிந்த கருவிகளையே. ஷ்னைடர் புல்லாங்குழல் வாசிப்பவர். ஆண்டுகள் செல்லச் செல்லக் குழல் பின்வாங்கியது, மின்கருவி முன்வந்தது. 1974-இல் வெளியான 'ஆட்டோபான்' என்னும் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும், 22 நிமிடங்களுக்கு மேல், நெடுஞ்சாலையில் ஓடும் மோட்டார் வண்டியின் பயணம் இசையாக வருகிறது. 1977-இல் வெளியான தட்டொன்றில் இரயில் சக்கரத்தின் ஓசையே தாளம் ஆயிற்று. 1856-ஆம் ஆண்டு முதலே இராயபுரம் நிலையத்தில் அவ்வோசையைக் கேட்டு வருகிறோமே, நமக்கு ஏன் இது தோன்றவில்லை என்று நான் எண்ணியதுண்டு. தோன்றாமல் இல்லை என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

மேடைக் கச்சேரியிலே அவர்கள் செய்தது இன்னும் விந்தையானது. 1981-ஆம் ஆண்டுச் சுற்றுப் பயணத்தில் தம் இசைக்கூடத்தையே பெட்டி பெட்டியாகக் கட்டி ஊர் ஊராக எடுத்துச் சென்றனர். கைக்கணக்குப் பொறியைப் பற்றிய பாட்டு ஒன்று வரும்போது, மேடையின் விளிம்பிற்கு வந்து கையிலிருந்த சிறு கருவியை அவையோரிடம் நீட்டி, அவர்களையே விசையை அழுத்தச் செய்தார்கள். வேறொரு பாட்டிற்கோ தங்களைப் போன்றே உடுத்திய பொம்மை மனிதர்களை மேடையில் நிறுத்திவிட்டுத் தாங்கள் மறைந்து கொண்டார்கள். அவையோர் அதற்கும் கைதட்டினர். 2012-இல் நியூயார்க் நகரத்துக் கலைக்கூடம் ஒன்றில் எட்டு இரவுகள் தொடர்ந்து, தங்கள் எட்டு இசைத் தொகுப்புகளை இரவுக்கு ஒன்றாக வழங்கினர். ஷ்னைடர் குழுவை விட்டு விலகி, 2020-இல் காலமானார். 1946-இல் பிறந்த ஹுட்டர் எழுபது வயதைக் கடந்த பின்னும் மேடையேறினார். நால்வரும் அசையாமல் நிற்பார்கள். பின்னே திரையில் படங்கள் ஓடும். எந்த ஒலியை எவர் எழுப்புகிறார் என்பது அவையோருக்குத் தெரியாது. ஆளை மறைப்பதே அக்கச்சேரியின் அழகு. அதை நான் குறை கூறவில்லை. மறைந்து நிற்பதைக் கலையாக்கிக் கொள்ள அவர்களால் முடிந்தது. முன்னமே உலகின் கண்ணில் பட்டவர்களுக்கே அது இயலும்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

வடசென்னை இசை வளம் அற்ற இடம் என்று எண்ணுவோர் உளர். திருவொற்றியூரில் கோயில் கொண்ட திரிபுரசுந்தரியின்மீது தியாகராச சுவாமிகள் ஐந்து கீர்த்தனைகள் பாடியுள்ளார். அவ்வூர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. நிலையாமையைப் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு 1838-இல் மறைந்து இராயபுரத்தில் அடக்கமானார். உடல் நிலைக்காது என்னும் பாட்டுக்கு எங்கள் மண்ணில் நெடுநாளைய வேர் உண்டு. துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் ரிக்‌ஷா இழுப்போரும் மீனவரும் வாழ்ந்த தெருக்களில் அந்த வேரிலிருந்து தழைத்ததே கானா என்று நான் கருதுகிறேன். 'பாட்டு' என்று பொருள்படும் இந்திச் சொல்லே அதற்குப் பெயராயிற்று.

தெருவில் ஒருவர் இறந்தால், உடலை எடுக்கும் வரை இரவு முழுவதும் பந்தலின்கீழ்ப் பாட்டு நடக்கும். பாடுபவர் இறந்தவருடைய பெயரைச் சொல்லிப் பாடுவார். அவர் பார்த்த வேலையைச் சொல்லுவார். அவர் செய்த குறும்பையும் சொல்லுவார். அழுதுகொண்டிருப்பவர்கள் நடுவே சிரிப்பார்கள். சிரித்தவர்கள் மீண்டும் அழுவார்கள். ஏடு இல்லை; ஒத்திகை இல்லை. கருவி என்றால் டோலக்கு, சட்டி மேளம், சில இடங்களில் ஆர்மோனியமோ புல்புல்தாராவோ. எதுவும் கிட்டாத இடத்தில் மேசைப் பலகையும் தீப்பெட்டியும் போதும். சிறுவயதில் ஓர் இரவு, சரக்கு இரயில் பெட்டிகள் இணையும்போது எழும் ஓசையைத் தீப்பெட்டியில் ஒருவர் அப்படியே தட்டிக் காட்டக் கேட்டேன். டூசல்டார்ஃபில் பிறந்த எண்ணம் எங்களுக்கும் தோன்றாமல் இல்லை என்றேனே, அது இதுதான். எங்களுக்குத் தோன்றியதை இசைத்தட்டில் பதிய எவரும் வரவில்லை.

வராததற்குக் காரணம் உண்டு. அதைப் பாடியோரில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். சாவு வீட்டுப் பாட்டு என்றும் குடித்தவர் பாட்டு என்றும் அது ஒதுக்கப்பட்டது. நான் பயின்ற கல்லூரியின் விழா ஒன்றில், தெரிந்த பாட்டைப் பாடு என்று நண்பர்கள் என்னை மேடையேற்றினார்கள். நான் கானா ஒன்றைத் தொடங்கினேன். நான்கு அடிகள் முடியுமுன் ஆசிரியர் ஒருவர் எழுந்து, இது பிணத்தின்முன் பாடுவதல்லவா என்று நிறுத்தச் சொன்னார். அவை சிரித்தது. அதன்பின் நெடுங்காலம், நான் எந்தப் பகுதியைச் சேர்ந்தவன் என்று எவரேனும் கேட்டால் பாரிமுனைக்கு அருகே என்று சொல்லி வந்தேன். அது முழுப்பொய் அன்று. ஆனால் அதைச் சொன்னது வெட்கத்தால்தான்.

மின்கருவி எங்கள் தெருவுக்கு வந்த வகை ஜெர்மனிக்கு வந்த வகையினின்றும் வேறானது. 1986-இல் வெளியான 'புன்னகை மன்னன்' திரைப்படத்தில் கணினியின் துணைகொண்டு இளையராஜா இசையமைத்ததைத் தமிழ்நாடே வியந்து கேட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் திருமண மண்டபங்களிலும் கோயில் விழாக்களிலும் பாடிய மெல்லிசைக் குழுக்கள் கீ போர்டு வாங்கின. தோலால் ஆன மேளத்திற்கு மாறாக, குச்சியால் தட்டினால் பல மேளங்களின் ஒலியைத் தரும் ரிதம் பேடு வந்தது. கானாக் குழுக்களும் அவற்றை வாடகைக்கு எடுத்தன. 1990-களில் தேவா அவர்கள் திரையிலே கானாவுக்குப் பெரும் இடம் தந்த பிறகு, திரையில் கேட்டவாறே தெருவிலும் கேட்க வேண்டும் என்ற ஆசை மக்களுக்கு வந்துவிட்டது.

இதனால் பாட்டு வளர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. பல தெருக்களுக்குக் கேட்டது, இளைஞர் கூடினர். ஆனால் ஒரு பேடு நான்கு மேளக்காரரின் வேலையைச் செய்தது. எங்கள் தெருவில் சட்டி மேளம் அடித்த பெரியவர் ஒருவர் இருந்தார். மழைக்காலத்தில் தோல் இறங்கிவிடும் என்று, கச்சேரிக்கு முன் தாளை எரித்து அனலில் மேளத்தைக் காய்ச்சுவார். பேடுக்கு மழையும் இல்லை, அனலும் வேண்டா. முதலில் அவருக்கு மாதத்தில் சில நாட்கள் அழைப்பு வந்தது. பிறகு பெரிய சாவுகளுக்கு மட்டும். பிறகு அதுவும் இல்லை. துறைமுகத்தில் 1983-இல் சரக்குப் பெட்டக முனையம் வந்தபின் மூட்டை சுமப்போருக்கு நேர்ந்ததும் இதுவே. என் தந்தையார் அம்மேளக்காரரிடம், "உனுக்கும் கிரேன் வந்துடுச்சு" என்றார். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கைப்பேசியிலே பதிந்து யூடியூபில் ஏற்றும் வசதி வந்தபின், பெண்களை இழித்தும் அரிவாளைப் புகழ்ந்தும் பாடும் கானாக்கள் பெருகியுள்ளன. மக்கள் பாட்டு என்பதற்காக அவற்றைத் தாங்கிப் பேச என்னால் இயலாது. கேட்பவர் தொகை மிகுவதனால் பாட்டு நல்லதாகிவிடாது.

மின்வெட்டு மிகுந்திருந்த ஆண்டுகளில், திருவொற்றியூரில் ஒரு பதினாறாம் நாள் கச்சேரிக்குச் சென்றிருந்தேன். இறந்தவர் ஆலைத் தொழிலாளி. கீ போர்டு, பேடு, இரண்டாள் உயர ஒலிபெருக்கிகள் எல்லாம் இருந்தன. பாட்டு உச்சத்தில் இருந்தபோது மின்சாரம் நின்றது. தெருவே இருண்டது. மின்னாக்கி கொண்டுவர ஆள் ஓடினான். பாடியவர் காத்திருக்கவில்லை. மேடையை விட்டு இறங்கி, பந்தலில் கிடந்த மேசை ஒன்றைத் தம் பக்கம் இழுத்து, கையால் தட்டிக்கொண்டே விட்ட அடியிலிருந்து பாடினார். ஒலிபெருக்கி இருந்தவரை நாற்காலிகளில் அமர்ந்திருந்தவர்கள், இப்போது அவரைச் சூழ்ந்து நெருங்கி நின்றனர். இறந்தவரின் மனைவியார் மேசையின்மேல் கையை ஊன்றி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொம்மையை நிறுத்திவிட்டு மறைந்துகொள்ளும் கச்சேரி அன்று அது. தன் கணவரின் பெயரைச் சொல்லும் வாயை அந்த அம்மையார் காண வேண்டும். மின்னாக்கி வந்தபின், கீ போர்டு வாசித்த இளைஞர் அப்பாட்டு முடியும்வரை கட்டைகளைத் தொடவில்லை.

திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் தோற்றுவித்த நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து 2017-இல் 19 பேர் கொண்ட ஓர் இசைக்குழுவை உருவாக்கினர். 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்பது அதன் பெயர். அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதி பேதமற்ற தமிழர்' என்னும் தொடரை அடியொற்றி அப்பெயர் அமைந்தது. 2018 சனவரி 6-ஆம் நாள், கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் அதன் முதற்கச்சேரி நடந்தது. மார்கழி மாதம், சபாக்களில் கச்சேரி நிகழும் காலம். மின் கிட்டாரும் கீ போர்டும் ஒருபுறம். பறையும் சட்டியும் டோலக்கும் மறுபுறம். கானாவும் ராப்பும் கலந்த பாட்டு. ஆண்களுக்கே உரியதென்று இருந்த கானாவை அக்குழுவில் பாடியவர் வடசென்னையைச் சேர்ந்த இசைவாணி. 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட உலகப் பெண்கள் நூற்றுவர் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

அக்கச்சேரிக்கு நம் மேளக்காரப் பெரியவரை உடன் அழைத்துச் சென்றேன். பறையும் சட்டியும் சேர்ந்து முழங்கியபோது அவருடைய விரல்கள் தொடையில் தாளமிட்டுக்கொண்டிருந்தன. என் பக்கத்தில் கல்லூரி மாணவர் பலர் எழுந்து ஆடினர். என்னை நிறுத்தச் சொன்ன அந்த ஆசிரியர் நினைவுக்கு வந்தார். அவர் அங்கே இருந்திருக்கலாகாதா என்று எண்ணினேன். பேருந்தில் திரும்பி வரும்போது பெரியவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மூலக்கொத்தளம் தாண்டியபின் என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, அந்தச் சட்டி அடிச்ச புள்ளைக்கு இன்னா கூலி குடுத்திருப்பாங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். "கேட்டு வையி" என்று சொல்லிவிட்டு, அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.