விலைவாசியும் நம் அடுக்களைக் கணக்கும்

(தோப்பும்படியில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விலைவாசி பற்றிப் பேச வேண்டும் என்று காரியதரிசி சொன்னதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்த விஷயத்தைப் பற்றிப் பேசாத வீடு எது? கோவில் பிரதக்ஷிணத்தில்கூட அதைத்தான் பேசுகிறோம். ஆனால் பேச்சு எப்போதும் "என்ன விலை, என்ன விலை!" என்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் நம் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

2025ஆம் வருஷத்தையே எடுத்துக்கொள்வோம். தேங்காயெண்ணெய்க்கு இந்தியா முழுவதும் பத்திரிகைகளில் போடும் விலை கொச்சி மார்க்கெட் விலை. விலை பிறக்கும் ஊரில்தான் நாம் குடியிருக்கிறோம். அதனால் நமக்கு ஒரு காசு சலுகை உண்டா என்றால் கிடையாது. அந்த வருஷ ஆரம்பத்தில் இருந்த விலை ஆடி மாதத்துக்குள் ஏறக்குறைய இரட்டிப்பாகி, சில்லறையில் லிட்டர் 500 ரூபாயைத் தாண்டிப் போனது. தேங்காயும் கிலோ 75 ரூபாய்க்கு மேல். கேரளத்தில் தென்னைக்கு வந்த நோய்களும், முந்தின வருஷத்துக் கடும் வெயிலும், காங்கேயம் பக்கத்துக் கொப்பரை வரத்துக் குறைவும் எல்லாம் சேர்ந்துகொண்டன. நம் சமையலில் தேங்காய் இல்லாத நாள் ஏது? மொளகூட்டல், அவியல், எரிசேரி, ஓலன் என்று எதை எடுத்தாலும் அதில் தேங்காயோ தேங்காயெண்ணெயோ இருக்கும்.

ஆனால் கணக்கை எழுதிப் பாருங்கள். இரண்டு பேர் இருக்கும் அகத்தில் மாதத்துக்கு ஒரு லிட்டர் எண்ணெய் ஆகிறது என்று வையுங்கள். ஏற்றம் சுமார் 250 ரூபாய். தேங்காயில் ஒரு 200 ரூபாய். ஆக மாதம் 450 ரூபாய் கூடுதல். சின்னத் தொகை இல்லை; பென்ஷன் ஒன்றே வருமானம் என்றால் நிச்சயமாகச் சின்னத் தொகை இல்லை. தனியார் கம்பெனியில் இருந்தவர்களுக்கான பி.எஃப். பென்ஷனில் குறைந்தபட்சம் என்று 2014இல் வைத்தது மாதம் 1000 ரூபாய். அந்த வகைப் பென்ஷனை நம்பி இருப்பவர்கள் நம் சபையிலும் இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

அந்த 450 ரூபாயை ஈடுகட்ட அவர்கள் எங்கே கை வைத்தார்கள் தெரியுமா? எனக்குத் தெரிந்த சில வீடுகளில் முதலில் நின்றது காய்கறி. அடுத்தது பாலில் அரை லிட்டர். அப்புறம் பருப்பு. "இரண்டு பேருக்கு எதுக்குக் கறியும் கூட்டும்? மோர்சாதமும் நார்த்தங்காயும் போதும்" என்று ஒரு மாமி சாதாரணமாகச் சொல்கிறாள். குழந்தைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். போனில் கேட்டால், "எல்லாம் சமைச்சாச்சுடா, சாப்பிட்டாச்சு" என்று பதில் வருகிறது. தனியாக இருக்கும் மாமிகள் விஷயம் இன்னும் மோசம். தனக்கென்று ஒருத்தி அடுப்பு மூட்டுவதே ஆடம்பரம் என்று நம் பாட்டிகள் காலத்திலிருந்து ஒரு நினைப்பு இருக்கிறது. அதைச் சிக்கனம் என்று நாம் புகழ்ந்தும் வந்திருக்கிறோம்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவுப்படி, 55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளைக்குச் சுமார் 45 கிராம் புரதம் வேண்டும். மாமிசம், முட்டை தொடாத நமக்கு அது பருப்பு, பயறு, பால், தயிர் இவற்றிலிருந்துதான் வர வேண்டும். மோர்சாதத்தில் இரண்டு வேளையை ஓட்டினால் பாதிகூடத் தேறாது. அறுபது வயசுக்கு மேல் உடம்பில் சதை கரைவதும், குளிமுறியில் கால் வழுக்கி விழுவதும், இடுப்பெலும்பு ஆபரேஷனும் ஒன்றையொன்று தொட்டு வருபவை. மாதம் 450 ரூபாய் மிச்சம் பிடித்து ஆஸ்பத்திரியில் லட்சமாகக் கொட்டுவது எந்த ஊர்க் கணக்கு?

ஆகவே, மிச்சம் பிடிக்க வேண்டியது எங்கே என்று பார்ப்போம். இலையில் விழுவதைத் தொடாமல், அடுப்பிலும் கரண்ட் மீட்டரிலும் வீணாவதிலும் பிடிக்க எவ்வளவோ இடம் இருக்கிறது.

முதலில் தேங்காய். ஒரே வேளையில் மூன்று பதார்த்தத்துக்கும் தேங்காய் போடுவது நம் பழக்கம். மொளகூட்டல் வைக்கிற நாளில் தோரனுக்குப் பதிலாக மெழுக்குபுரட்டி வையுங்கள். எரிசேரி நாளில் சாம்பார் வேண்டாம், ரசம் போதும். அவியலுக்குக் கடைசியில் பச்சை எண்ணெய் விடுவது மணத்துக்காக. ஒரு டீஸ்பூனே மணக்கும். உடைத்த தேங்காயின் மறு மூடி அழுகிப்போவது ரொம்பப் பேர் வீட்டில் உண்டு. மொத்தத்தையும் அன்றே துருவி, டப்பாவில் பிரீசரில் வைத்துவிட்டால் பொட்டுக்கூட வீணாகாது. மொளகூட்டலுக்குத் துவரம்பருப்பு விலையாக இருந்தால் பயத்தம்பருப்பு போடலாம். துவரம்பருப்பு 2015இல் கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது நாம் செய்ததுதான் அது. சீக்கிரம் வேகும், கேஸும் மிச்சம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். விலை குறைவு என்று பேர் தெரியாத எண்ணெயை வாங்காதீர்கள். 2025இல் விலை ஏறின கையோடு, உணவுப் பாதுகாப்புத் துறையின் சோதனைகளில் கலப்பட எண்ணெய் நிறையப் பிடிபட்டது. பிரிட்ஜில் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் வீட்டுப் பரீட்சை எல்லாக் கலப்படத்தையும் காட்டிக் கொடுக்காது.

இப்போது அடுப்பு. தண்ணீர் கொதி வந்த பிறகு தீயை எவ்வளவு பெரிசாக்கினாலும் பாத்திரத்துக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் தீ எல்லாம் நீராவியாகி ஜன்னல் வழியே போகிறது. அரிசிக்கு வேண்டியது அந்தச் சூடு கொஞ்ச நேரம் நிற்பது, அவ்வளவுதான். இதை நமக்கெல்லாம் பாடமாகச் சொல்லிக் கொடுத்தது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். 1962இல் தொடங்கின அந்த அமைப்பு, புகையில்லாத பரிஷத் அடுப்பையும் "சூடாறாப்பெட்டி"யையும் வீடு வீடாகக் கொண்டுபோனது. சூடாறாப்பெட்டி என்றால் பெரிய யந்திரம் ஒன்றும் இல்லை. உள்ளே தெர்மோகோல் பதித்த ஒரு பெட்டி. மட்டை அரிசியைப் பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்க வைத்து, மூடிய பாத்திரத்தோடு பெட்டிக்குள் இறக்கி மூடிவிட்டால், ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரத்தில் தானே வெந்திருக்கும். நீங்கள் ஸ்லோகம் சொல்லி முடித்து வந்து கஞ்சி வடிக்க வேண்டியதுதான். ஸ்டீலில் செய்து "தெர்மல் குக்கர்" என்று கடையில் விற்பதும் இதே தத்துவம்தான். பணம் போட வேண்டாம் என்றால் அட்டைப் பெட்டியும் பழைய கம்பளியும் போதும். மும்பையில் இருந்தாலும் நியூஜெர்சியில் இருந்தாலும் செய்து பார்க்கலாம்.

இரண்டு ஜாக்கிரதை சொல்ல வேண்டும். பச்சரிசி இதில் சீக்கிரம் குழைந்துவிடும், கொதி நேரத்தைப் பாதியாக்குங்கள். வெந்த சாதத்தை ராத்திரி முழுக்க உள்ளேயே விடாதீர்கள், வெதுவெதுப்பில் கெட்டுப்போகும். கடலை, காராமணி போன்ற கெட்டிப் பயறுகளை எட்டு மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் வேகவிடுவதே நல்லது. குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். விசில் எண்ணிக்கொண்டு பெரிய தீயில் நிற்பது கேஸுக்குத் தண்டம்.

அடுத்து, எல்லாரும் கேட்பது: கேஸா, இண்டக்‌ஷனா? பட்டென்று பதில் சொல்ல முடியாது, உங்கள் பில்லைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு 14.2 கிலோ சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய, என் கணக்கில், சுமார் 125 முதல் 130 யூனிட் ஆகும். 2025இல் சிலிண்டர் 850 ரூபாய்க்கு மேல். கே.எஸ்.இ.பி.யின் அந்த வருஷக் கட்டணத்தில், மாதம் 150 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு இண்டக்‌ஷன் லாபம். அதற்கு மேல் ஏற ஏற லாபம் கரைந்து நஷ்டமாகிவிடும். அடுத்த வீட்டு மாமிக்கு லாபம் என்பதால் நமக்கும் லாபம் என்று கிடையாது. இரண்டும் இருப்பது நல்லது. ஒன்று கிடைக்காத நாளில் மற்றது கை கொடுக்கும். 2022இல் கொழும்பில் கேஸ் சிலிண்டருக்காக ஜனங்கள் ராப்பகலாக வரிசையில் நின்றதைப் பார்த்தோமே.

இந்த 150ஐ விட முக்கியமான எண் ஒன்று உண்டு. பில் இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட் வரைக்கும் படிப்படியாகக் கட்டணம். முதல் யூனிட்டுகள் மலிவு, மேலே போகப் போக விலை. 501 ஆகிவிட்டால் அந்தப் படிகளே கிடையாது, முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த கட்டணம். 2025 விகிதத்தில், அந்த ஒரு யூனிட் தாண்டினதற்கு மட்டும் 400 ரூபாய்க்கு மேல் கூடும்! தேங்காயெண்ணெயில் நாம் திட்டித் தீர்த்த தொகை இங்கே சத்தமில்லாமல் போகிறது. போதாததற்கு, இந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்களுக்கு 2025 முதல் நேரக் கணக்கும் வந்தது: காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் குறைவு, மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் கூடுதல். கிரைண்டர், வாஷிங் மெஷின், மோட்டார் மூன்றையும் வெயில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

வெளியூர் அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். சென்னையில் 2025இல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருந்தது எல்லாருக்கும் தெரியும். 500ஐத் தாண்டினால் கீழ்ப் படியிலிருந்தே கட்டணம் மாறியது என்பது பலருக்குத் தெரியாது. பெங்களூரில் 2023இல் வந்த கிருஹ ஜோதித் திட்டத்தில் கோடு 200 யூனிட். ஊருக்கு ஊர் ஒரு கோடு இருக்கிறது; உங்கள் ஊர்க் கோடு எது என்று பில்லின் பின்பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாதாமாதம் மீட்டரை நீங்களே படித்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பது கஷ்டமில்லை. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்ற புது வகை 30, 35 வாட்டில் ஓடும். மூன்று ஃபேன், தினம் பத்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் சுமார் 70 யூனிட் வித்தியாசம். 530 போகிற வீடு அதிலேயே 460க்கு இறங்கிவிடும். மச்சில் வெயில் விழும் சொந்த வீட்டுக்காரர்களுக்கு 2024இல் வந்த பி.எம். சூரிய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் வைத்திருந்தார்கள். ஃப்ளாட்வாசிகளுக்கு அது சுலபமில்லை என்பதால் அதிகம் பேசவில்லை.

கடைசியாக, சிலருக்குப் பிடிக்காத ஒரு விஷயம். ரேஷன் கடை, மாவேலி ஸ்டோர். நம்மில் பலர் வெள்ளைக் கார்டை அட்ரஸ் அத்தாட்சிக்கு மட்டும் பெட்டியில் வைத்திருக்கிறோம். வரிசையில் நின்றால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற கூச்சம். 1942இல் பர்மா விழுந்து, கப்பலில் வந்துகொண்டிருந்த அரிசி நின்றபோது, கொச்சி ராஜ்யத்தில் ராஜ உத்தியோகஸ்தர் வீட்டுக்கும் ரேஷன்தான். 1960களின் நடுவில் வந்த அரிசிப் பஞ்சத்திலும் அப்படியே. அப்போது நின்றவர்கள் நம் பாட்டனார்கள், கௌரவத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. சப்ளைகோ என்ற சிவில் சப்ளைஸ் கார்ப்பரேஷன் 1974இல் நம் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு ஏற்பட்டது. அங்கே துவரை, உளுந்து, சிறுபயறு, கடலை, மிளகாய், மல்லி, தேங்காயெண்ணெய் உட்பட 13 சாமான்கள் மானிய விலையில் என்ற ஏற்பாடு. 2024 பிப்ரவரியில் அந்த விலைகளை உயர்த்தினார்கள். அப்போதும் வெளி மார்க்கெட்டை விட 35 சதவீதம் குறைவு என்றுதான் வைத்தார்கள். பருப்பும் பயறும் அந்தப் பட்டியலில் இருக்கும்போது மோர்சாதத்தோடு ஒருவர் நிறுத்திக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன?

எல்லாச் சமயமும் எல்லாச் சாமானும் இருக்காது, வாஸ்தவம். நாலு வீடு சேர்ந்தால் ஒருவர் போய் விசாரித்து வரலாம். அங்கே கிடைக்காததை மட்டாஞ்சேரி பஜார் ரோட்டு மொத்தக் கடையில் பத்து கிலோவாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். இங்கிருந்து ஆட்டோ தூரம்தானே. தோப்பும்படியில் மூன்று தெருவிலுள்ள நம் குடும்பங்கள் இதை ஆரம்பிக்கலாம் என்று நினைத்திருக்கிறோம். மாடிப்படி ஏற முடியாத மாமிகளுக்குச் சாமானைக் கொண்டு கொடுக்க இரண்டு பையன்கள் சம்மதித்திருக்கிறார்கள். சாமான் கொடுக்கும்போது, "மாமி, இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டு வரவும் சொல்லியிருக்கிறேன்.

மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. சேர விரும்புகிறவர்கள் பெயரும் மாதத்துக்கு வேண்டிய பருப்பு அளவும் எழுதலாம். பின்னால் அட்டைப் பெட்டியில் காலை பத்து மணிக்குக் கொதிக்கவைத்து இறக்கின மட்டை அரிசி இருக்கிறது, திறந்து பாருங்கள். கரண்ட் பில் கொண்டு வந்தவர்கள் காபி குடித்துவிட்டு என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம்.