முளையும் விளைவும்



'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. அது பொய்யன்று, ஆயினும் பாதி உண்மையே. முளையைக் கண்டறிவது ஒரு கலை. அதனை விளையச் செய்வது வேறொரு கலை. முன்னதற்கு ஒரு நாழிகை போதும். பின்னதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். உடல் வலிமை மிக்க இளைஞன் ஒருவனைத் தேர்ந்தெடுத்து ஆட்டக்காரனாக ஆக்குவது எப்படி என்பதை, நம் நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு ஆராய்வோம்.

பேஸ்பால் என்னும் ஆட்டம் அமெரிக்காவில் பெரிதும் போற்றப்படுவது. அதில் பந்தெறிபவர் 18.44 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி எறிய வேண்டும். அத்தகைய கை நம்மவர்க்கு உண்டா என்று அறிய, ஜே. பி. பெர்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்கர் இங்கு ஒரு போட்டி நடத்தினார். 2008-ஆம் ஆண்டில் அதில் வென்றவர் ரிங்கு சிங். அவரோடு தேர்வு பெற்றவர் தினேஷ் படேல். இருவரும் உத்தரப் பிரதேசத்தின் எளிய குடும்பங்களிற் பிறந்தவர்கள். லக்னோவில் ஈட்டி எறியப் பயின்றவர்கள். பேஸ்பாலைப் பற்றி ஏதும் அறியாதவர்கள். எனினும் ரிங்கு எறிந்த பந்து மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்திற் சென்றது. ஆட்டத்தை அவர் அறியார். ஆனால் அவர் கை எறியும் வித்தையை அறிந்திருந்தது.

இதுவரை முளை. இனி விளைவைக் காண்போம்.

இருவரும் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கே டாம் ஹவுஸ் என்னும் பயிற்சியாளர் அவர்களுக்குக் கற்பித்தார். எறிதல் தோளின் வேலை என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. ஊன்றிய காலில் தோன்றும் விசை இடுப்புக்கும், உடலுக்கும், தோளுக்கும், முழங்கைக்கும் ஏறி, இறுதியில் விரல் நுனியில் வெளிப்படுகிறது. மாமல்லபுரக் கரையில் வீச்சு வலை எறியும் மீனவரைக் கூர்ந்து பாருங்கள். முதலிற் பாதங்கள் ஊன்றுகின்றன; பின்பு இடை திரும்புகிறது; கை கடைசியாகத்தான் தொடர்கிறது. ஆகவேதான் வலை வட்டமாக விரிகிறது. கையை மட்டும் நம்பி எறிந்தால் வலை சுருண்டு விழும். பந்தெறிபவனுக்கோ முழங்கை கெடும்.

2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்னும் குழு இருவரையும் ஒப்பந்தம் செய்துகொண்டது. அமெரிக்கத் தொழில்முறைக் குழு ஒன்றில் இந்தியர் சேர்ந்தது அதுவே முதன்முறை. ஆயினும் தினேஷ் 2010-ஆம் ஆண்டிலேயே விடுவிக்கப்பட்டுத் தாயகம் திரும்பினார். ரிங்கு கீழ்ப்படி ஆட்டங்களில் 2012 வரை முன்னேறினார். பின்னர்க் காயங்கள் அவரைத் தடுத்துவிட்டன. மிக உயர்ந்த அணியில் ஆடும் பேறு இருவருக்கும் வாய்க்கவில்லை. 2018-இல் ரிங்கு தொழில்முறை மற்போருக்குச் சென்றார்.

இதனைத் தோல்வி என்று சொல்லிவிடலாமா? சொல்லக்கூடாது. அந்நாட்டுச் சிறுவன் ஐந்து வயது முதல் விளையாடிப் பெறும் அறிவை, இருபதாம் வயதை ஒட்டித் தொடங்கிய இவர்கள் சில ஆண்டுகளில் பெற முயன்றனர். வலிமையை ஒருநாளில் அளந்துவிடலாம். ஆட்ட அறிவு நாள்தோறும் சேர்வது. காலத்திற்கு மாற்றுப் பொருள் இல்லை.

அவ்வாறே ஓய்வுக்கும் மாற்றில்லை. அமெரிக்காவில் இளம் எறிவோருக்கென வகுத்த நெறிகளைப் பாருங்கள். 13, 14 வயதினர் ஒரு நாளில் 95 முறைக்கு மேல் எறியலாகாது. 66 முறையோ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் ஓய்வு கொள்ள வேண்டும். பயிருக்கு நீர் வேண்டும் என்பதற்காக நாற்றை மூழ்கடிக்கும் உழவன் உண்டோ?

நம் கரையிலேயே வேறொரு வழியையும் காணலாம். கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் அலைச்சறுக்கைத் தாமே பழகினார். பின்பு தம் ஊர் இளைஞர்க்கும் கற்பித்தார். 2012 முதல் அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி நடந்து வருகிறது. கண்டறிந்தவரும் கற்பித்தவரும் ஒரே ஊரார். கடலோ பிள்ளைகள் பிறந்தது முதல் அறிந்த கடல். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடைபெற்றது. அதில் நம் நாட்டு வீரர் ரமேஷ் புடிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

ஒன்றை மறவாதீர்கள். தேர்ந்தெடுப்பவர் தவறினால் அவருக்கு இழப்பு சிறிது. தேர்ந்தெடுக்கப்பட்டவனோ தன் இளமையின் சில ஆண்டுகளைப் பணயம் வைக்கிறான். ஆகையால் உங்களுள் ஒருவனை எவரேனும் அழைத்தால், மூன்று கேள்விகள் கேளுங்கள். நாள்தோறும் கற்பிப்பவர் யார்? அடிபட்டால் மருத்துவம் பார்ப்பவர் யார்? ஆட்டம் கைவிட்டால் பிழைக்கும் வழி என்ன? மூன்றாவது கேள்விக்கு விடையாகத்தான் பள்ளிப் படிப்பு இருக்கிறது. அதனை விட்டுவிட்டு எந்தத் திடலுக்கும் போகாதீர்கள்.

கல்லெறிந்து மாங்காய் வீழ்த்தும் சிறுவன் உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் இருக்கக்கூடும். அவனைக் கண்டால் எள்ளாதீர்கள். உடற்பயிற்சி ஆசிரியரிடம் அழைத்துச் செல்லுங்கள். முளை தானே தலைகாட்டும். விளைவதற்குத்தான் உழவன் வேண்டும்.