புளியந்தீவுக்கு வந்த புதியவர்

1814ஆம் ஆண்டு மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் தன்னந்தனியராய் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தார். உடன் புறப்பட்ட மனைவியார் கடற்பயணத்திலேயே காலமாகிவிட்டார். ஊரில் வழங்கியதோ தமிழ். பால், அரிசி, விறகு கேட்பதற்கும் அந்நியருக்குப் பிறர் நா வேண்டும். நெல்லை மரைக்காலாலும் அவணத்தாலும் அளக்கும் நாட்டில் இறாத்தற் கணக்கு என் செய்யும்? வாவி சூழ்ந்த புளியந்தீவிலிருந்து கல்லடிக்குப் போவதென்றால் தோணிக்காரனிடம் கூலி பேசியாக வேண்டும். இலக்கணத்திற்கு முன்னர் எண்ணுப்பெயர்களே புதியவருக்குக் கைகொடுப்பவை. ஓல்ட் தமிழ் பயின்றார், பள்ளியும் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அதன் வழிவந்ததே. ஆனால் நோய் அவகாசம் தரவில்லை. 1815 ஏப்பிரலில், வந்து ஓராண்டு நிறையுமுன்னரே அவர் மறைந்தார். வாவிக்கரையில் அவருடைய சிலை நிற்கின்றது.