உட்கார ஓர் இடம்



ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடைக்குப் போகிறோம். புடவை செக்‌ஷனில் நமக்கு ஸ்டூல் போட்டு உட்கார வைக்கிறார்கள். "வேற கலர் காட்டட்டுமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே மேல்தட்டிலிருந்து எடுத்து எடுத்துப் போடுகிறாரே அந்தப் பெண், அவர் நின்றுகொண்டிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் நாம் எழுந்து போய்விடுவோம். அந்த ஸ்டூலில் அடுத்த குடும்பம் வந்து உட்காரும். அவர் அதே இடத்தில் நிற்பார். காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து இரவு இறங்கும்வரை நிற்பார். வேலை செய்யும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் என் மனம் முதலில் அந்தக் கால்களிடம்தான் போகிறது.

நடப்பதைவிட நிற்பது உடம்புக்குக் கடினம். நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து, கீழே இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளிக் கொடுக்கிறது. அசையாமல் நின்றால் அந்த வேலை நடப்பதில்லை. இரத்தம் காலிலேயே தேங்குகிறது. சாயங்காலம் பாதம் வீங்குகிறது, குதிகால் எரிகிறது, இடுப்பு கடுக்கிறது. வருடக்கணக்கில் இப்படியே போனால் சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் தளர்ந்து, முழங்காலுக்குக் கீழே அவை முடிச்சு முடிச்சாகப் புடைக்கின்றன. வெரிகோஸ் என்று மருத்துவர் சொல்வது இதைத்தான்.

இதற்கு மருந்து ஒரு ஸ்டூல். வாடிக்கையாளர் இல்லாத பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தாலே கால் ஆறிவிடும். இவ்வளவு எளிய விஷயத்துக்குச் சட்டம் வருவதற்கு எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? இங்கிலாந்தில் கடைகளில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று 1899-லேயே சட்டம் போட்டார்கள். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நின்றே வேலை பார்க்க வேண்டிய தொழிலாளிக்கு இடையில் உட்கார வசதி தரச் சொன்னது. ஆனால் அது ஆலைக்குள் இருப்பவருக்கு. கடையில் நிற்பவரைப் பற்றிக் கேட்பதற்குக் கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருப் பெண்கள் எழுந்து வர வேண்டியிருந்தது. விஜி என்ற தையல் தொழிலாளி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. அடுத்துக் கேட்டது உட்காரும் உரிமை. 2018-இல் கேரளம் அதைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் மசோதா கொண்டுவந்தார். 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு புதிய பிரிவு சேர்ந்தது. எல்லாக் கடைகளிலும் ஊழியர்களுக்கு இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அதில் உட்காரலாம் என்பது அதன் சாரம்.

சட்டம் வந்துவிட்டது. ஸ்டூலும் பல கடைகளில் வந்திருக்கிறது. அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள். ஸ்டூல்மேல் பிரிக்காத பண்டல் இருக்கும், அல்லது மடிக்காத சட்டைகள் குவிந்திருக்கும். கீழே உட்கார்ந்த பெண் சூப்பர்வைசர் வருவதைக் கண்டதும் சட்டென்று எழுந்து, ஏற்கெனவே மடித்திருக்கும் துணியை மறுபடி மடிப்பார். "உட்காரக் கூடாது" என்று அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உட்கார்ந்தவரைப் பார்க்கும் பார்வை போதும். முதலாளி தன் வாயால் மேற்பார்வையாளரிடம், "ஆள் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் உட்காரட்டும், அதைக் குறையாக என்னிடம் கொண்டுவராதே" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லாதவரை அந்த ஸ்டூல் பண்டல் வைக்கத்தான் பயன்படும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. நாம் உள்ளே நுழையும்போது விற்பவர் உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லை என்று நமக்கே ஓர் எண்ணம் வந்துவிட்டது. எப்போதிலிருந்து? பழைய ஜவுளிக்கடைகளில் வெள்ளைத் துணி விரித்த மெத்தை போட்டிருப்பார்கள். வாங்க வந்தவரும் அதில்தான் உட்காருவார். எதிரே சம்மணமிட்டு அமர்ந்து, மடிப்பை விசிறிப் புடவையைக் காட்டுபவரும் அதில்தான் உட்காருவார். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகள் சிலவற்றில் இன்றும் அப்படித்தான் வியாபாரம் நடக்கிறது. எதிரெதிரே உட்கார்ந்து பேசியதால் அங்கே யாருடைய மரியாதையும் குறைந்துவிடவில்லை. உயரமான கண்ணாடி கவுண்டர்கள் வந்தபோதுதான் விற்பவரை எழுப்பி நிற்க வைத்தோம். ஜெர்மனியில் பெரிய மளிகை அங்காடிகளில் பில் போடுபவர் உட்கார்ந்துதான் பில் போடுகிறார். கை வேகத்தில் ஒரு குறையும் இல்லை.

கடை நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. புடவை விற்பது சும்மா எடுத்துப் போடும் வேலை இல்லை. வந்தவரின் முகத்தைப் பார்த்து, கல்யாணத்துக்கா, யாருக்காவது வைத்துக் கொடுக்கவா என்று புரிந்துகொண்டு, எந்த விலையில் தொடங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். காலையில் பத்து மணிக்கு இந்தக் கணக்கு சரியாக ஓடும். கால் கடுக்க நின்றபின் இரவு எட்டு மணிக்கு ஓடுமா? பண்டிகைக் கூட்டம் வருவதோ அந்த நேரத்தில்தான். வேலையைக் கற்றுக்கொண்ட பெண் கால்வலி தாங்காமல் ஊருக்குப் போய்விட்டால், புதிதாக வருபவருக்குச் செட்டிநாட்டுக் கட்டத்துக்கும் சுங்குடிக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு ஸ்டூலின் விலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாரையும் ஒரே செக்‌ஷனில் நிறுத்தாமல், நடந்து செய்யும் வேலையையும் நின்று செய்யும் வேலையையும் மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் பெரிய நிவாரணம் கிடைக்கும். அதற்குச் செலவே இல்லை.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறைக்குப் போய்வர அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதே என்று பல பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். விளைவு சிறுநீர்த்தொற்று, சிலருக்குச் சிறுநீரகக் கல். கோழிக்கோட்டுப் பெண்கள் கழிப்பறையை முதல் கோரிக்கையாக வைத்தது இதனால்தான். ஒவ்வொரு மாடியிலும் ஊழியர் போய்வர ஒரு கழிப்பறை, கை கழுவத் தண்ணீர், உட்கார்ந்து சாப்பிட ஓர் அறை என்று கட்டட வரைபடம் போடும்போதே பொறியாளரிடம் சொல்லிவிட வேண்டும். விற்பனைக்கென்று எல்லாச் சதுர அடியையும் எடுத்துக்கொண்டபின் தேடினால், கிடைப்பது மொட்டைமாடி மட்டும்தான். அங்கே ஏறிப் போய்வருவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடுகிறது.