இலவசப் படமும் உட்காரும் இடமும்



இவ்வூர் வாலிபர்கள் கூலி வாங்காமல் திரை கட்டி, மாதம் ஒரு படம் காட்டி வருவதை நாம் மனதார வரவேற்கின்றோம். மலையாள நாட்டில் 1984-ல் ஜான் ஆபிரகாமும் அவரது தோழர்களும் ஒடேசா என்ற பெயரால் கூடி, ஊர் ஊராய்ப் போய் ஜனங்களிடம் வசூலித்த பணத்திலேயே 1986-ல் "அம்ம அறியான்" என்னும் படத்தை எடுத்து, டிக்கெட் இல்லாமல் காட்டினார்கள். ஆகவே, முதலாளி இல்லாமல் இக்காரியம் நடக்காது என்பது சுத்தப் பொய்.

நிற்க. பழைய டூரிங் கொட்டகையில் பக்திப் பாட்டுப் போட்ட பிறகே படம் துவங்கும். (பாட்டுப் போட்டும் பிலிம் அறுந்துகொண்டுதான் இருந்தது!) ஆனாலும், ஒரு விஷயத்தில் அது கோவிலைவிட யோக்கியமானது. தரை, பெஞ்சு, நாற்காலி என்று காசைக்கொண்டு பிரித்ததே ஒழிய, "நீ என்ன ஜாதி?" என்று டிக்கெட்டுக்காரன் பெரும்பாலும் கேட்டதில்லை.

இங்கோ டிக்கெட்டே கிடையாது. அப்படியானால் யார் எங்கே உட்காருவது என்பதை எது தீர்மானிக்கும்? ஊர் வழக்கம்தானே? கோவில் திடலில் திரை கட்டினால், சேரித் தோழன் சுவரோரம் நின்று பார்ப்பான். அல்லது வரவே மாட்டான். "யாரும் தடுக்கவில்லையே" என்பீர்கள். தடுக்காமலே நிற்கவைப்பதில்தான் ஜாதியின் சாமர்த்தியம் இருக்கிறது.

கைப்பேசியில் யாரும் தனியே படம் பார்த்துக்கொள்ளலாம். பிறகு எதற்கு இந்தத் திரை? எல்லோரும் சேர்ந்து உட்காருவதற்குத்தானே! ஆகவே, அடுத்த மாதத் திரையைச் சேரித் தெருவில் கட்டுங்கள். பாய் விரிக்கும் வாலிபர்களே கைபிடித்து ஆட்களைக் கலந்து உட்கார வையுங்கள். பெண்களைப் பின்னால் தள்ளாதீர்கள். ஊர்த் தெருவார் வராவிட்டாலும், குறித்த நேரத்தில் படத்தை ஓட்டுங்கள்.