நாற்பது நாற்காலி, பதினொரு பேர்

(தொலைக்காட்சி அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"பிடித்த தொழிலா, பிழைக்கும் தொழிலா?" என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர்கள் மருத்துவம், கணினி, வணிகம் என்று பேசிவிட்டுப் போனார்கள். நான் ஜாஸ் கித்தாரைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஏழு வருடமாக நடக்கும் வழக்கு இது.

என் தம்பி ஜாஸ் கித்தார் வாசிப்பவன். ஜொகூர் பாருவில் ஜாலான் தான் ஹியோக் நீ பக்கம் ஒரு காப்பிக் கடையில், மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வாசிக்கிறான். கித்தார், டபுள் பேஸ், டிரம்ஸ் என்று மூன்று பேர். முதல் தடவை அம்மாவை அழைத்துக் கொண்டு போனேன். நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். அம்மா உட்கார்ந்ததும் தலைகளை எண்ணினார். பதினொன்று. அதில் நாங்கள் இருவர், டிரம்ஸ் வாசிப்பவரின் மனைவி, மழைக்கு ஒதுங்கிய ஒரு ஜோடி. அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் காதருகே குனிந்து, "எப்பம்மா பாட்டு ஆரம்பிக்கும்?" என்றார்.

கேள்வியில் தப்பில்லை. நமக்குப் பாட்டு என்றால் வரி இருக்க வேண்டும், யாராவது பாட வேண்டும், முடிந்தால் படத்தில் பார்த்திருக்க வேண்டும். ஜாஸில் முதலில் ஒரு மெட்டை வாசிப்பார்கள். பழைய மெட்டுகள் பெரும்பாலும் 32 'பார்' அளவுதான். பிறகு அதே சுற்று திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொருவரும் அதன் மேல் அந்த நிமிடத்தில் தோன்றுவதை வாசித்துவிட்டுக் கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். நம் கச்சேரியில் கற்பனாஸ்வரம் பாடுவது போலத்தான். ஒரு வித்தியாசம் உண்டு. நமக்கு ராகம் ஒன்றுதான், அதற்குள்ளே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். ஜாஸில் கீழே கார்டுகள் மாறிக் கொண்டே இருக்கும். ஒரு 'பாரில்' பொருந்திய ஸ்வரம் அடுத்த 'பாரில்' பொருந்தாது. அதனால்தான் ஒரே மெட்டைப் பன்னிரண்டு ஸ்ருதியிலும் வாசித்துப் பழகுகிறார்கள். அந்தச் சத்தத்தைத்தான் அம்மா ஏழு வருடமாகச் சமையலறையிலிருந்து கேட்டுக் கொண்டிருக்கிறார்.

இந்த வாத்தியத்தின் கதையும் கேட்கத் தகுந்தது. 1930களில் பெரிய ஜாஸ் குழுக்களில் கித்தார்காரர் பின்வரிசையில் உட்கார்ந்து தாளத்துக்குக் கார்டு மட்டும் தட்டிக் கொண்டிருப்பார். டிரம்பெட், சாக்ஸபோன் சத்தத்தில் அவர் தனியாக வாசித்தால் யாருக்கும் கேட்காது. மின்சாரக் கித்தார் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1939இல் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர், கித்தாரும் சாக்ஸபோன் போல நீளமாகப் பேசலாம் என்று காட்டினார். 1942இல் காசநோயில் இறந்தபோது அவருக்கு 25 வயது.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். நான் தொலைக்காட்சிக்காரி. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சியில் உள்ளூர் இசைக் கலைஞர்களைக் காட்டினோம். தம்பியும் நான்கு நிமிடம் வாசித்தான். அதற்காக மூன்று வாரம் தயார் செய்திருந்தான். ஒளிபரப்பானது நாற்பது விநாடி. அதன் மேலும் என் குரல்தான் ஓடியது, அடுத்து வரும் சமையல் அங்கத்தை அறிவித்துக் கொண்டு. வெட்டியது நான் இல்லை, ஆனால் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அவன் எங்களோடு உட்கார்ந்து பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய்த் தட்டைக் கழுவினான்.

அன்று இரவு கூட நான் அவனிடம் சொன்னது என்ன தெரியுமா? "கேட்க ஆள் இல்லாததை எதுக்கு வாசிக்கணும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில், இண்டியானாபோலிஸ் நகரில் வெஸ் மாண்ட்கோமரி என்று ஒருவர் இருந்தார். பெரிய குடும்பம். காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணிவரை தொழிற்சாலை வேலை. இரவு ஒன்பது மணிக்கு ஒரு கிளப்பில் வாசிப்பு, அது முடிந்ததும் விடியும்வரை இன்னொரு கிளப்பில். சத்தத்தால் அண்டை வீட்டார் தொந்தரவுபடக் கூடாது என்று 'பிக்' இல்லாமல் கட்டைவிரலால் மெதுவாக வாசித்துப் பழகினார் என்று சொல்வார்கள். அந்தக் கட்டைவிரல் ஒலிதான் பின்னால் அவருக்கு அடையாளம் ஆனது. கேனன்பால் ஆடர்லி என்ற சாக்ஸபோன் கலைஞர் கேட்டு வியந்து சிபாரிசு செய்ய, 1959இல் நியூயார்க் இசைத்தட்டு நிறுவனம் ஒன்று அவரை ஒப்பந்தம் செய்தது. அப்போது வயது 36. அதற்குப் பிறகு ஒன்பது வருடம்தான். 1968இல் மாரடைப்பில் இறந்தார், 45 வயதில். இந்தக் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது சரியில்லை. தூக்கம் இல்லாத உடம்பு கணக்கு வைத்துக் கொள்ளும்.

நமக்குப் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். கல்கத்தாவில் கார்ல்டன் கிட்டோ. 1942இல் பெங்களூரில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். கல்கத்தா பார்க் ஸ்டிரீட்டில் ஒரு காலத்தில் ஓட்டலுக்கு ஓட்டல் ஜாஸ் குழு இருந்தது. 1970களில் கேளிக்கை வரி, அரசியல் குழப்பம் என்று அந்தக் காலம் மங்கிப் போயிற்று. பல கலைஞர்கள் வெளிநாட்டுக்கும் பம்பாய் சினிமாவுக்கும் போனார்கள். கிட்டோ போகவில்லை. ஓட்டல்களில் வாசித்தார், கல்கத்தா ஸ்கூல் ஆப் மியூசிக்கில் சொல்லிக் கொடுத்தார், 'பீபாப்' என்ற கடினமான ஜாஸ் வகையைக் கடைசிவரை விடவில்லை. அவரைத் தேடிப் போய் சுஷீல் குரியன் எடுத்த 'ஃபைண்டிங் கார்ல்டன்' என்ற ஆவணப்படம் வந்தபோது அவர் எழுபதை நெருங்கியிருந்தார். 2016இல் காலமானார். எனக்குப் பிடித்தது அவர் சொல்லிக் கொடுத்த விஷயம்தான். மாணவனுக்குக் கார்டு மட்டுமா தெரியும்? கேட்கவும் தெரியும். அவன் வீட்டாரும் வேறு வழியில்லாமல் கேட்பார்கள், எங்கள் அம்மாவைப் போல.

தமிழனுக்கும் ஜாஸுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பெரியவர் சற்று முன் கேட்டார். ஐயா, ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் வடிவமைப்புப் படித்துவிட்டு, அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். மின்சாரக் கித்தாரில் கர்நாடக சங்கீதமும் வாசிப்பார், ஜாஸும் வாசிப்பார். ஜான் மெக்லாஃப்லின் என்ற ஜாஸ் கித்தார் மேதை 1970களில் 'சக்தி' குழுவை அமைத்தபோது பக்கத்தில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். அதே பெயரில் இயங்கிய குழு 2024இல் கிராமி விருது வாங்கியது. அதில் அவர் மகன் செல்வகணேஷ் இருந்தார். நம் நாட்டிலேயே, டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம் 1970களின் இறுதியில் 'ஆசியாபீட்' குழுவைத் தொடங்கினார். மலேசியாவில் பிறந்த பால் பொன்னுதுரை கடலைத் தாண்டி சிங்கப்பூரில் ஜாஸ், புளூஸ், ராக் எல்லாம் கலந்து கித்தாரோடு பாடினார். டைம் சஞ்சிகை கூட அவரைப் பற்றி எழுதியது. ஆனாலும் 2012இல் அவர் இறந்தபோது நம் வீடுகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது? எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்த ஜொகூரிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. மலாய்க்காரர்களின் கஸல் இசை. ஆர்மோனியமும் தபலாவும் நம் பக்கத்திலிருந்து வந்தவை, கூடவே காம்பூஸ், வயலின், கித்தார். பெரிய மைதானக் கூட்டம் அதற்கும் கிடையாது. ஆனால் கல்யாண வீடு இருந்தது, மூவார் போன்ற ஊர்களில் தலைமுறையாக வாசிக்கும் ஆட்கள் இருந்தார்கள், ஜொகூர் பாரம்பரிய அறவாரியம் கை கொடுத்தது. ஜாஸுக்கு அப்படிக் கல்யாண வீடு இல்லை. கோலாலம்பூரில் 1998இல் தொடங்கிய 'நோ பிளாக் டை', 2004 முதல் பல ஆண்டுகள் நடந்த பினாங்குத் தீவு ஜாஸ் விழா என்று விரல் விட்டு எண்ணக் கூடிய இடங்கள்தான். ஜொகூர் பாரு பையனுக்கு அவையும் தூரம்.

ஆகவே இங்கே இருக்கும் இளைஞர்களுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். கூட்டம் வராது. வரும் வரும் என்று காத்திருந்தால் கசப்புதான் மிஞ்சும். வேலையை விடாதீர்கள். தம்பி மாசாயிலிருந்து காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பாலம் கடந்து உட்லண்ட்ஸ் தொழிற்சாலைக்குப் போகிறான். சிங்கப்பூர் வெள்ளியில் வரும் சம்பளம்தான் அந்தக் காப்பிக் கடை வெள்ளிக்கிழமையைத் தாங்குகிறது. அங்கே கிடைப்பது எண்பது ரிங்கிட்டும் ஒரு சாப்பாடும். கல்யாண மண்டபங்களில் சினிமாப் பாட்டு வாசிக்கும் குழு ஒன்று கூப்பிட்டபோது, "கை கெட்டுப் போயிடும்க்கா" என்று முதலில் மறுத்தான். "போடா, இளையராஜா பாட்டில் கித்தார் வாசிச்சா கை கெடுமா?" என்று திட்டி அனுப்பினேன். இப்போது போகிறான். அந்தக் குழுவின் கீபோர்டுக்காரர் வெள்ளிக்கிழமைகளில் காப்பிக் கடைக்கு வர ஆரம்பித்திருக்கிறார். ஒரே நாள், ஒரே இடம், மாதம் தவறாமல். இதில் மட்டும் தம்பி பிடிவாதம் பிடித்தான், அது சரி என்று இப்போது எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு மாதமும் வந்து முன்வரிசையில் உட்காரும் இரண்டு சீனப் பெரியவர்களுக்கு நாளை ஞாபகப்படுத்த வேண்டியதே இல்லை.

பெற்றோர்களே, பிள்ளை கடன் வாங்கி வாத்தியம் வாங்கினால் கேளுங்கள். வேலைக்குப் போகாமல் படுத்திருந்தால் கேளுங்கள். பதினொரு பேர்தானே வந்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த எண் அவனுக்கு உங்களை விட நன்றாகத் தெரியும்.

வழக்கு இன்னும் முடியவில்லை. தொழிற்சாலையில் தம்பிக்கு மேற்பார்வையாளர் பதவி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் கூடும், ஆனால் சுழற்சி முறையில் இரவு வேலை, வெள்ளிக்கிழமையும் சேர்த்து. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அம்மா ஒத்துக்கொள்ளச் சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். போன வெள்ளிக்கிழமை காப்பிக் கடையில் வழக்கம் போல எண்ணி முடித்து, "பத்தொன்பது" என்றார். காரில் வரும்போது பின்சீட்டிலிருந்து தம்பியைக் கேட்டார்:

"ஐயா, மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் லீவு குடுப்பாங்களான்னு கேட்டியா?"

நாளைக்குக் கேட்கிறேன் என்றான்.